புற்றுக்கட்டிக்குக் குருதி திறக்கும் மடை

வயலில் களை முளைப்பது புதுமையன்று. வரப்போரத்தில் கசியும் நீரைக் குடித்து முளைத்து, வெயில் ஏறியதும் வாடிப்போகும் களையை உழவர் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் ஒரு களை, தான் நிற்கும் இடத்தில் நின்றபடியே வாய்க்காலுக்கு ஆள் அனுப்பி, கரையை உடைப்பித்து, தனக்கெனத் தனி ஓடை ஒன்றை வெட்டுவித்துக்கொள்ளுமாயின் அதனை என்னென்பது? நம் உடலில் தோன்றும் புற்றுக்கட்டி செய்யும் வேலை இதுவே. அக்கட்டி அனுப்பும் தூது எது, வாய்க்காற் கரையில் அத்தூதைக் கேட்டு மடையைத் திறந்துவிடும் காவலன் யார், அக்காவலனைத் தடுத்து நிறுத்த வழியுண்டா என்பவற்றை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

காஞ்சிரங்குளம், பாறசாலை முதலிய எல்லையூர்களை மனத்திற்கொண்டு இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. அத்தாலுகாவில், வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. பிழைப்புக்காக மும்பைக்கும் பெங்களூருக்கும் தில்லிக்கும் சென்ற தமிழர் நிலையும் இதுதான். நலமாக இருக்கும் வரையில் வேற்றுமொழி தடையாகத் தோன்றாது. நோய் வந்து மருத்துவர் முன் அமர்ந்தபோதே அதன் குறை தெரியும். கேரளத்து மருத்துவமனைகளில் புற்றுநோயை 'அர்புதம்' என்று சொல்வர். தமிழ்ச் செவிக்கு அது 'அற்புதம்' என்றே விழும்! சொல்லைத் தவறாகக் கேட்டவர் பிறகு தெளிந்துகொள்ளலாம். ஆனால் சிகிச்சையின் காரணம் விளங்காமல் தலையசைத்து வந்தவர், பாதி மாத்திரையில் மருந்தை நிறுத்தினால் அதனை எளிதில் ஈடுசெய்ய இயலாது. ஆதலின், விளங்கவேண்டியதைத் தாய்மொழியில் விளங்கிக்கொள்வது நோயாளியின் பக்கத்தில் நிற்கும் உறவினருக்கும் உதவியாகும்.

முதலில், நலமான உடலில் குருதிக்குழாய்கள் அமையும் முறையைப் பார்ப்போம். இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய் கிளைத்துக் கிளைத்து, கடைசியில் தலைமயிரினும் மெல்லிய தந்துகிகளாகப் பரவுகிறது. உடலின் உயிரணுக்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு தந்துகிக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும். அதற்கு அப்பால் உயிர்வளி போதிய அளவு ஊறிச் செல்லாது. ஆகவே ஓர் உறுப்பு பெருக்குமாயின், அதனோடு கூடவே குழாய்களும் பெருகவேண்டும். தாயின் வயிற்றில் வளரும் குழவியின் உடலில் இவ்வேலை இடைவிடாது நடைபெறுகிறது. வளர்ந்து முதிர்ந்த உடலிலோ குழாய்கள் பெரும்பாலும் புதிதாகக் கிளைப்பதில்லை. புண் ஆறும்போதும், மகளிர் மாதச் சுழற்சியின்போதும், கருவுற்ற காலத்தில் நஞ்சுக்கொடி அமையும்போதும் அவை மீண்டும் தளிர்விட்டு, வேலை முடிந்ததும் அடங்கிவிடும்.

இத்தளிர்ப்பை நடத்துவோர், குழாயின் உட்புறத்தில் ஓடு வேய்ந்ததுபோல் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய அணுக்கள். அவற்றை அகப்படல அணுக்கள் என்பர். ஒவ்வோர் அகப்படல அணுவின் மேற்பரப்பிலும், சவ்வை ஊடுருவி, பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக நிற்கும் புரதங்கள் பல உண்டு. வெளியிலிருந்து வரும் செய்தியை ஏற்று உள்ளே சேர்ப்பிப்பதால் அவை ஏற்பிகள் எனப்படும். வீட்டு வாயிலில் நிற்கும் காவலன் தெருவில் வந்தவனிடம் செய்தி கேட்டு உள்ளே அறிவிப்பதற்கு இதனை ஒப்பிடலாம். செய்தி மட்டுமே உள்ளே செல்லும், செய்தி கொணர்ந்தவன் வாயிலிலேயே நிற்பான்.

குருதிக்குழாய் வளர்ச்சியைப் பொறுத்தவரை இவ்வேற்பிகளுள் தலைமையானது ஒன்று. வி.இ.ஜி.எஃப். என்னும் எழுத்துகளால் குறிக்கப்படும் வளர்ச்சிக் காரணியே அதன் தூதுவன். ஆகவே அதனை வி.இ.ஜி.எஃப். ஏற்பி-2 என்று அழைப்பர். தூதுவனாகிய அப்புரதம் இரட்டைப் பிறவி போல் இரண்டு பாதிகள் சேர்ந்தது. அது வந்து பொருந்தும்போது, தனித்தனியே நின்ற இரண்டு ஏற்பிகளை ஒருங்கே பற்றி இணைக்கிறது. இணைந்த ஏற்பிகள் சவ்வின் உட்புறத்திலுள்ள தம் வால்களில், டைரோசின் என்னும் இடங்களில், ஒன்றுக்கொன்று பாஸ்பேட்டுத் துணுக்கை ஒட்டிவிடுகின்றன. அத்துணுக்கு ஒட்டப்பட்டதுமே உள்ளிருக்கும் பல புரதங்கள் வரிசையாக விழித்தெழுகின்றன. 'பெருகு', 'சாகாதே', 'நகர்ந்து செல்', 'அண்டையணுவோடுள்ள பிணைப்பைத் தளர்த்து' என்னும் கட்டளைகள் உள்ளே பரவுகின்றன. ஓரணு தலைமையேற்று, விரல் போன்ற நீட்சிகளால் வழி துழாவி முன்னே செல்ல, அதன் பின்னுள்ளவை பெருகித் தண்டாகின்றன. இவ்வாறு புதிய குழாய் நீள்கிறது.

இந்த ஏற்பியின் இன்றியமையாமை 1995ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அவ்வேற்பிக்குரிய மரபணுவை நீக்கிய சுண்டெலிக் கருக்களில் குருதிக்குழாய்களும் அமையவில்லை, குருதியணுக்களும் தோன்றவில்லை. கருத்தரித்த ஒன்பது நாளளவிலேயே அவை மாண்டன. இதன் உடன்பிறப்பான ஏற்பி-1 வேறு தன்மையது. அது தூதுவனை இறுகப் பற்றிக்கொண்டாலும் உள்ளே சேர்ப்பிக்கும் செய்தி மிகக் குறைவு. ஆகவே பல இடங்களில் தூதை வழிமறித்து, வளர்ச்சி மிகாமல் காக்கும் பொறியாகவே அது பயன்படுகிறது. முடுக்கவும் அடக்கவும் இயற்கை வகுத்த ஏற்பாடு இத்தகையது.

இனி, தூதுவனை அனுப்புவது யார்? உயிர்வளி குறைந்த எந்த அணுவும் அனுப்பும். உயிர்வளி போதுமான அளவு கிடைக்கும்போது, அணுவிலுள்ள எச்.ஐ.எஃப். என்னும் புரதம் தோன்றிய உடனே அழிக்கப்பட்டுவிடும். மூச்சுத் திணறும்போது அது அழியாமல் நின்று, உட்கருவுக்குள் சென்று, வளர்ச்சிக் காரணியை உண்டாக்கும் மரபணுவை எழுப்பிவிடுகிறது. இவ்வுணர்முறையைக் கண்டறிந்ததற்காக கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் ஆகிய மூவர்க்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. புண்பட்ட தசைக்கு இவ்வேற்பாடு உயிர்காக்கும் உதவி. புற்றுக்கட்டியின் உட்பகுதியிலுள்ள அணுக்களும் உயிர்வளியின்றித் திணறுகின்றன. அவையும் அதே தூதை அனுப்புகின்றன. வாயிலில் நிற்கும் ஏற்பிக்கு, தூது வந்தது புண்ணிலிருந்தா புற்றிலிருந்தா என்று பகுத்தறியும் திறன் இல்லை. மடை திறக்கிறது.

கட்டி குருதியை நம்பியே வளர்கிறது என்ற கருத்தைத் துணிந்து வெளியிட்டவர் ஜூடா ஃபோக்மன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர். 1960களில் கடற்படை ஆய்வகமொன்றில் பணியாற்றியபோது, உடலிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே உயிர்ப்பித்து வைத்த தைராய்டுச் சுரப்பிகளில் புற்றணுக்களை அவரும் அவர்தம் கூட்டாளியும் இட்டுப் பார்த்தனர். கட்டிகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, அதற்குமேல் வளராமல் நின்றுவிட்டன. குழாய்கள் புகுந்தாலன்றிக் கட்டி பெருகாது என்றும், குழாய் வளர்ச்சியைத் தடுப்பதே ஒரு சிகிச்சையாகலாம் என்றும் 1971ஆம் ஆண்டில் அவர் எழுதினார். பலர் நம்பவில்லை. கட்டியைச் சுற்றிய குழாய்கள் அழற்சியால் வீங்கியவை என்பதே அன்று பெரும்பாலோர் கருத்து.

நம்பிக்கை பிறக்கத் தூதுவனைக் கையில் பிடித்தாக வேண்டியிருந்தது. 1983ஆம் ஆண்டில், குழாய்களைக் கசியச் செய்யும் ஒரு பொருளைக் கட்டிகள் சுரப்பதை டொனால்ட் செங்கர், ஹெரால்டு டுவோராக் ஆகியோர் அறிவித்தனர். 1989ஆம் ஆண்டில் நெப்போலியோன் ஃபெராரா அகப்படல அணுக்களைப் பெருக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒன்றே என்பது அப்போது தெரியவந்தது. கசியச் செய்வதும் பெருக்குவதும் ஒரே தூதுவனின் இரு தொழில்கள். 1990களின் தொடக்கத்தில் அத்தூதுவனுக்குரிய ஏற்பிகளும் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டன. 1993ஆம் ஆண்டில், தூதுவனைப் பற்றும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தியபோது எலிகளில் கட்டிகளின் வளர்ச்சி தளர்ந்தது. ஃபோக்மன் கூறியது வீண் கற்பனையன்று என்பது அதன்பின் உறுதிப்பட்டது.

மடையை மூட இரண்டு வழிகள் உண்டு என்பதை நேயர்கள் இந்நேரம் ஊகித்திருக்கலாம். தூதுவனை வழியிலேயே பிடித்துவிடலாம். அன்றேல் காவலனைச் செயலற்றவனாக்கலாம். முதல் வழியிற் பிறந்த மருந்து பெவசிசுமாப். இது நரம்பில் ஏற்றப்படும் எதிர்ப்புரதம். தூதுவனைப் பற்றிக்கொண்டு ஏற்பியை அணுகவிடாது. 2004ஆம் ஆண்டில் பரவிய பெருங்குடற் புற்றுக்கு அமெரிக்க அரசு இதனை அனுமதித்தது. காவலனைத் தாக்கும் மருந்துகள் இருவகை. ராமுசிருமாப் என்னும் எதிர்ப்புரதம் ஏற்பி-2இன் வெளிப்பகுதியை மறைத்துக்கொள்ளும். 2014ஆம் ஆண்டில் இரைப்பைப் புற்றுக்கு அனுமதி பெற்றது. சொராஃபெனிப், சுனிடினிப் முதலியவை விழுங்கும் மருந்துகள். அவை அணுவுக்குள் புகுந்து, ஏற்பியின் வாலில் பாஸ்பேட்டு ஒட்டும் வேலையைத் தடுக்கின்றன. சொராஃபெனிப் 2005ஆம் ஆண்டில் சிறுநீரகப் புற்றுக்கும், 2007ஆம் ஆண்டில் கல்லீரற் புற்றுக்கும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

இம்மருந்துகள் எவ்வளவு பயன் தந்தன? இங்கே ஆசையையும் உண்மையையும் பிரித்துப் பார்த்தல் வேண்டும். பரவிய பெருங்குடற் புற்றில், வழக்கமான மருந்தோடு பெவசிசுமாப் சேர்த்தபோது இடைநிலை வாழ்நாள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக உயர்ந்தது. முற்றிய கல்லீரற் புற்றில் சொராஃபெனிப் 7.9 மாதத்தை 10.7 மாதமாக்கிற்று. பின்னர், உடலின் காப்புத்திறனைத் தூண்டும் அட்டெசொலிசுமாப் என்னும் மருந்தோடு பெவசிசுமாப்பைச் சேர்த்துக் கொடுத்த சோதனை 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதில் ஓராண்டின் முடிவில் உயிரோடிருந்தோர் 67.2 விழுக்காடு, சொராஃபெனிப் மட்டும் பெற்றோரில் 54.6 விழுக்காடு. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆயினும் நோயை வேரோடு களைந்த வெற்றியும் அல்ல. மார்பகப் புற்றில் பெவசிசுமாப்புக்குத் தந்த அனுமதியை, வாழ்நாள் நீளவில்லை என்று கண்டு, 2011ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஏன் முழு வெற்றி கிட்டவில்லை? புற்றுக்கட்டி ஒரே ஒரு தூதுவனை நம்பி வாழ்வதில்லை. ஒரு மடையை அடைத்தால் வேறு வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து வேறு மடைகளைத் திறக்கிறது. சில கட்டிகள் புதுக்குழாய் வெட்டாமலே, ஏற்கெனவே உள்ள குழாய்களைச் சுற்றிப் படர்ந்துகொள்கின்றன. மற்றொரு செய்தியும் உண்டு. கட்டியின் அவசரத் தேவைக்கு வெட்டப்பட்ட குழாய்கள் ஒழுங்கற்றவை, கோணலும் வீக்கமும் உடையவை, எங்கும் கசிபவை. அதனாலேயே நரம்பில் ஏற்றும் மருந்து கட்டியின் நடுவுக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று அமெரிக்காவில் ஆய்வு நடத்தும் ராகேஷ் ஜெயின் 2001ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். இம்மருந்துகளை அளவறிந்து கொடுத்தால், கட்டியின் குழாய்கள் அழியுமுன் சிறிது காலம் ஒழுங்குபடும். அக்காலத்தில் மற்ற மருந்தும் உயிர்வளியும் உட்புகுந்து நல்ல பயன் தரும் என்பது அது. குழாயை ஒழிக்கும் மருந்தை மற்றொரு மருந்தோடு சேர்த்தே பெரும்பாலும் கொடுப்பதன் ஒரு காரணம் இதனால் விளங்கும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். அணுவின் வாயிலில் நிற்கும் இந்த ஏற்பி, இந்தியச் சட்ட வரலாற்றிலும் ஓரிடம் பெற்றுவிட்டது. சொராஃபெனிப் மருந்துக்கு ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் இந்தியக் காப்புரிமை பெற்றது. ஒரு மாதத்திற்குரிய 120 மாத்திரைகளின் விலை ஏறத்தாழ 2,80,000 ரூபாய். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் 9,300 ரூபாய்க்கு மேல்! வரப்பு வெட்டும் கூலியாளோ, பாலராமபுரத்துத் தறியில் அமர்ந்த நெசவாளரோ, ஓர் ஆண்டு முழுவதும் உழைத்தும் ஒரு மாத மருந்தை வாங்க இயலாத நிலை. காப்புரிமை பெற்ற பொருள் நியாயமான விலையில் மக்களுக்குக் கிட்டாவிடின், அதனைச் செய்யப் பிறருக்கு உரிமம் வழங்கலாம் என்று இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு கூறுகிறது. அப்பிரிவின்கீழ் ஐதராபாத்து நாட்கோ நிறுவனம் விண்ணப்பித்தது.

காப்புரிமைக் கட்டுப்பாட்டாளராக இருந்த பி.எச். குரியன் 2012 மார்ச்சு 9ஆம் நாள் தீர்ப்பளித்தார். மருந்து தேவைப்படுவோரில் இரண்டு விழுக்காட்டினர் அளவுக்கே அது எட்டியிருந்தது என்பதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டிற்று. 120 மாத்திரைகளை 8,880 ரூபாய்க்கு மேற்படாத விலையில் நாட்கோ விற்கவேண்டும். விற்பனையில் 6 விழுக்காட்டைப் பேயருக்கு உரிமத் தொகையாகத் தரவேண்டும். ஆண்டுதோறும் குறைந்தது 600 ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக வழங்கவேண்டும் என்பன கட்டளைகள். நாளொன்றுக்கு 296 ரூபாயாக விலை இறங்கிற்று. இந்தியாவில் வழங்கப்பட்ட முதற் கட்டாய உரிமம் இதுவே.

பேயர் மேல்முறையீடு செய்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தில், தலைவராயிருந்த நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2013 மார்ச்சு 4ஆம் நாள் உரிமத்தை உறுதி செய்து, உரிமத் தொகையை மட்டும் 7 விழுக்காடாக உயர்த்திற்று. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கியவர் அவர். 2014 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றமும், அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் பேயரின் முறையீட்டை ஏற்கவில்லை. அந்த வாரியம் 2021ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. மருந்தின் காப்புரிமைக் காலமும் 2020ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ஆயினும் 2012ஆம் ஆண்டு தீர்ப்பின் பொருள் பெரிது. அறிவைக் கண்டவனுக்கு ஊதியம் வேண்டும் என்பதையும், நோயுற்றவனுக்கு மருந்து வேண்டும் என்பதையும் ஒரே தராசில் வைத்து அது நிறுத்துக் காட்டிற்று. பெவசிசுமாப்புக்கும் 2016ஆம் ஆண்டு முதல் இந்திய நிறுவனங்களின் ஒப்புமருந்துகள் கிடைத்து வருகின்றன. ஆகவே, 'விலையுயர்ந்த மருந்து' என்று ஒருகாலத்தில் கேட்ட செய்தியை நம்பிச் சிகிச்சையைக் கைவிடாமல், அதே மருந்தின் பொதுப்பெயர்த் தயாரிப்பு உண்டா என்று மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

விலை குறைந்த பழைய மருந்துகளைக் கொண்டே குழாய் வளர்ச்சியைத் தளர்த்த முடியுமா என்ற வினாவுக்கும் நம் நாட்டில் விடை தேடப்பட்டது. பெரிய அளவில் இடைவெளி விட்டுக் கொடுக்கும் மருந்தை, சிறு சிறு அளவில் இடையறாது கொடுத்தால், புற்றணுக்களினும் முன்னதாகக் குழாயின் அகப்படல அணுக்கள் தளர்ச்சியுறும் என்பது 2000ஆம் ஆண்டளவில் விலங்குச் சோதனைகளில் தெரியவந்தது. 1941ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், தலை, கழுத்துப் புற்று முற்றிக் குணப்படுத்த இயலாத நிலையிலிருந்த 422 நோயாளிகளிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட்டும், நாள்தோறும் செலிகாக்சிப்பும் விழுங்கியோரின் இடைநிலை வாழ்நாள் 7.5 மாதம்; நரம்பில் சிஸ்பிளாட்டின் ஏற்றப்பெற்றோருக்கு 6.1 மாதம். கடுமையான பக்கவிளைவுகளும் மாத்திரை பெற்றோரிடம் குறைவாக இருந்தன. 2020ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. மருத்துவமனையில் படுக்காமல், வீட்டிலிருந்தே விழுங்கத்தக்க மலிவான மாத்திரைகளால் இது கைகூடிற்று என்பதே நாம் போற்றவேண்டிய செய்தி.

மடையை மூடும் மருந்துகளுக்கு விலையல்லாத வேறொரு கட்டணமும் உண்டு. ஏற்பி-2 புற்றுக்கு மட்டும் உரியதன்று; நலமான குழாய்களும் அதனையே நம்பியிருக்கின்றன. ஆகவே இம்மருந்துகளால் குருதி அழுத்தம் உயரலாம்; சிறுநீரில் புரதம் கழியலாம்; குருதிக்கசிவு நேரலாம்; புண் ஆறத் தாமதமாகலாம். அறுவைக்கும் பெவசிசுமாப்புக்கும் இடையே குறைந்தது 28 நாள் இடைவெளி விடுவதும் இதனாலேயே. பல் பிடுங்கச் செல்வோரும் தாம் இம்மருந்து பெறுவதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். சொராஃபெனிப் விழுங்குவோர் சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தடித்து, எரிந்து, தோல் உரியும். தறியிழுப்பவர்க்கும் பனையேறுபவர்க்கும் கட்டடத்தில் கல் சுமப்பவர்க்கும் இது வெறும் தோல் நோயன்று. பிழைப்பையே நிறுத்தும் துன்பம். 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று தாமே நிறுத்திவிடுவோர் உண்டு. அளவைக் குறைத்தோ சில நாள் இடைவெளி விட்டோ மருந்தைத் தொடர மருத்துவர்க்கு வழி தெரியும். சிவப்பு தோன்றிய முதல் வாரத்திலேயே சொல்லவேண்டும். வீட்டில் குருதி அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துவைக்கவேண்டும். தமிழில் எழுதிய குறிப்பாயினும் தயங்காது காட்டலாம். எண்களுக்கு மொழி வேறுபாடு இல்லை.

இவ்வளவும் கட்டி மடையைத் திறந்துகொண்ட பிறகு செய்யும் போராட்டம். திறக்குமுன்னரே அதனைக் கண்டுபிடித்தல் அன்றோ மேலானது? காஞ்சிரங்குளத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில், மண்டலப் புற்றுநோய் மையம் உள்ளது. 1981ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் முதல் மருத்துவமனைப் பதிவேடுகளுள் ஒன்று 1982ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கிற்று. நம் தென்னாட்டில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று வாய்ப்புற்று. அதற்கு வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும், பீடியும், மதுவும் தலையாய காரணங்கள். வாயோ திறந்து பார்க்கத்தக்க உறுப்பு. கருவி வேண்டா, வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும்.

அக்கண்ணின் பயனை அளந்தறிய இம்மையம் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிப் பகுதிகளில் ஒரு பேராய்வை நடத்திற்று. 35 வயதுக்கு மேற்பட்ட 1,91,873 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். ஏழு பகுதிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வீடுதோறும் சென்று வாயைச் சோதித்தனர். ஆறு பகுதிகளில் வழக்கமான மருத்துவம் மட்டும் நடந்தது. 2005ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியோரிடையே, சோதனை நடந்த பகுதிகளில் வாய்ப்புற்றால் இறந்தோர் விகிதம் 34 விழுக்காடு குறைவு. அப்பழக்கம் இல்லாதோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ஐயத்திற்கிடமில்லாத பயன் தெரியவில்லை. ஆகவே பழக்கமுள்ளோரே முதலில் சோதனைக்குச் செல்லவேண்டியவர். ஒரு மருந்தும் இன்றி, வாயைத் திறந்து காட்டியதனால் மட்டும் கிடைத்த பயன் இது என்பதை எண்ணிப் பாருங்கள். மடை திறப்பதற்குமுன் களையைக் கிள்ளுவது எத்துணை எளிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, வேற்றூரில் வாழும் தமிழர் மனத்தில் இருத்தத்தக்கவை இவை. வாயில் வெண்திட்டோ செந்திட்டோ தோன்றினால், இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண் இருந்தால், வாய் முன்போல் அகலத் திறக்கவில்லையானால், வலியில்லை என்று வாளாவிருக்கக் கூடாது. தொடக்கத்தில் வலியின்மையே இந்நோயின் வஞ்சகம். சென்னை அடையாற்றில் 1954ஆம் ஆண்டு முதலும், பெங்களூரில் 1973ஆம் ஆண்டு முதலும், மும்பையிலும் திருவனந்தபுரத்திலும் புற்றுநோய்க்கென்றே அமைந்த பெருநிலையங்கள் தொண்டாற்றி வருகின்றன. மொழி அறிந்த உறவினர் ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். 'இம்மருந்து புற்றணுவைத் தாக்குவதா, குருதிக்குழாயைத் தடுப்பதா? எத்தனை நாள்? எதைக் கண்டால் உடனே வரவேண்டும்?' என்னும் மூன்று வினாக்களைக் கேட்டு, விடையைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அணுவின் வாயிலில் நிற்கும் காவலன் நண்பனும் அல்லன், பகைவனும் அல்லன். கருவிலிருக்கும் குழந்தைக்கும் காயம்பட்ட கைக்கும் குருதி சேர்ப்பவன் அவனே. பொய்த்தூதை நம்பிப் புற்றுக்கும் சேர்ப்பவன் அவனே. அவனை அடக்கும் மருந்து இன்று நம் எட்டும் விலையில் வந்துவிட்டது. அம்மருந்து தேவைப்படாதபடி நோயை முளையிலேயே காண்பது நம் பொறுப்பாகும்.